காளாஞ்சியும் கேத்திலும்

என் அக்காவின் கணவர் ஒருமுறை தேர்தலில் நின்றார். பிரதேச சபைத் தேர்தல்தான், பாராளுமன்றம் இல்லை. ஆனாலும் எங்கள் வளவு அந்த வருடம் பட்ட பாட்டை அதற்கு முன்னும் பின்னும் பட்டதில்லை. ஷெல் விழுந்த நாட்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஷெல் விழும்போது எல்லோரும் ஒரே பதுங்கு குழிக்குள் ஓடுவோம். உள்ளே இருந்துகொண்டு ஆளை ஆள் நுள்ளிச் சிரிக்கவும் செய்வோம். தேர்தல் வந்தபோது ஒரே கிணற்றில் தண்ணீர் அள்ளியவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள்.

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்த பெண் வீட்டை விட்டுப் போவதில்லை, மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வருவார். அக்காவுக்கு அம்மா தன் கல்வீட்டைக் கொடுத்தார். அதே வளவில் வாவிப் பக்கமாக எனக்கு ஒரு சின்ன வீடு. என் கணவர் கட்டாருக்கு வேலைக்குப் போயிருந்தார். நான் தையல் மெஷினை முன்விறாந்தையில் போட்டுக்கொண்டு ஊர்ப் பெண்களுக்குச் சட்டை தைத்தேன். அளவெடுக்க நிற்கும் பெண் கைகளைத் தூக்கிக்கொண்டு அசையாமல் நிற்க வேண்டும். கைக்கு வேலையில்லாத நேரத்தில் வாய் சும்மா இருக்காது. அதனால் ஊர் என் அத்தானைப் பற்றி என்ன நினைக்கிறது என்பது அவருக்குத் தெரிவதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிடும்.

ஊர் அவரைப் பற்றி நினைத்ததெல்லாம் ஒரே விஷயத்தைச் சுற்றித்தான். அது அவர் இளைஞராக இருந்தபோது அம்மன் கோயிலில் செய்த ஒரு காரியம்.

எங்கள் கோயிலில் வருடா வருடம் நடக்கும் சடங்கு முடிகிற நாளில் காளாஞ்சி கொடுப்பார்கள். ஒரு தட்டத்தில் வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம். அவ்வளவுதான் பொருள். ஆனால் அதை எல்லோருக்கும் கொடுப்பதில்லை. ஊரில் உள்ள குடிகளின் பெயரை வரிசைப்படி சத்தமாகக் கூப்பிடுவார்கள். குடி என்பது எங்களுக்குத் தாய் வழியாக வருவது. தாய் எந்தக் குடியோ பிள்ளையும் அந்தக் குடி. கூப்பிட்டதும் அந்தக் குடிக்கு மூத்த ஆண் சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்து இரண்டு கையாலும் வாங்குவார். எந்தக் குடிக்கு முதலில், எந்தக் குடிக்குப் பிறகு என்பதில் மண்டை உடைந்த கதைகளும் உண்டு. வாய்க்காலுக்கு அப்பால் இருந்த குடும்பங்களை மட்டும் கூப்பிடுவதே இல்லை. பந்தல் போடுவதும் தோரணம் கட்டுவதும் தீவட்டி பிடிப்பதும் அவர்கள்தான். காளாஞ்சி நேரத்தில் அவர்கள் வேலிக்கு வெளியே நிற்பார்கள். அதை யாரும் ஒரு குறையாகப் பேசி நான் கேட்டதில்லை, அத்தான் பேசும்வரை.

அவர் அப்போது எங்களுக்கு அத்தானாகவில்லை. அக்காவுக்குப் பேசிக்கொண்டிருந்த மாப்பிள்ளை, அவ்வளவுதான். டவுன் நூலகத்தில் தடித்த தடித்த புத்தகங்களை எடுத்துப் படிப்பவர், பின்னேரங்களில் வாய்க்காலுக்கு அப்பால் போய் அங்குள்ள பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுப்பவர் என்று கேள்விப்பட்டிருந்தோம். அவருடைய தாய்மாமன்தான் அவர்கள் குடிக்கு மூத்தவர். அந்த வருடம் மாமனுக்குக் காய்ச்சல். மருமகனை அனுப்பினார்.

நான் அம்மாவின் பக்கத்தில் நின்று பார்த்தேன். குடியின் பெயரைக் கூப்பிட்டார்கள். அவர் வந்தார், சால்வையை முறையாகத்தான் கட்டியிருந்தார், தட்டத்துக்கு முன்னால் போய் நின்றார். கை நீட்டவில்லை.

"எனக்கு வேணாம்" என்றார். "வெளியில நிக்கிற ஆக்கள்ற பேரையும் கூப்பிடுங்க. அதுக்குப் பிறகு நான் எடுக்கிறன்."

கத்திச் சொல்லவில்லை. ஆனால் பறைச் சத்தம் நின்றிருந்த நேரம், வேலிக்கு வெளியேயும் கேட்டிருக்கும். யாரோ அவரைத் தோளில் பிடித்துத் தள்ளினார்கள். யாரோ அடிக்க ஓடி வந்தார்கள். அவர் திரும்பி, செருப்பில்லாத காலோடு அந்த மணலில் நடந்து போனார். அன்றிலிருந்து மாமன் அவரோடு பேசுவதை விட்டார். காய்ச்சலோடு எழும்பி வந்து தானே காளாஞ்சியை எடுத்துக்கொண்டு போனார்.

அம்மா வீட்டுக்கு வந்ததும் கலியாணப் பேச்சை முறித்துவிடப் போவதாகச் சொன்னார். "கோயில்ல இப்படிச் செஞ்சவன் வீட்டுல என்னதான் செய்யமாட்டான்." அதுவரை மாப்பிள்ளை கறுப்பா வெள்ளையா என்றுகூடக் கேட்காமல் இருந்த அக்கா, கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தவள், எழும்பி வந்து நின்றாள். "முடிச்சா அவரத்தான் முடிப்பன்" என்றாள். எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. பிறகு தனியாக ஏனென்று கேட்டேன். "அவ்வளவு பேர் பாத்திட்டு இருக்கக்க, ஒருத்தர் கூடப் பக்கத்தில வராம, தனிய நிண்டு சொன்னாரேடி. எனக்கு அது காணும், வேற ஒண்டும் தேவையில்ல" என்றாள்.

அந்த ஒரு காரணத்துக்காக முடித்த கலியாணம் அது. அழகு, சீதனம், உத்தியோகம் எதுவும் அதில் இல்லை. வேறு பெண்கள் மாப்பிள்ளையைப் பற்றிச் சொல்லிப் பெருமைப்படுகிற இடத்தில் அக்கா அந்தக் கோயில் கதையைத்தான் சொல்வாள். பிள்ளைகளுக்கும் சொல்லிச் சொல்லி வளர்த்தாள். நான் பகிடிக்கு, "உங்கட அப்பா வெத்திலை போடாதவர், வேற ஒண்டுமில்ல" என்பேன். அவளுக்குக் கோபம் வரும்.

அம்மா இறந்த பிறகு யுத்தம் பெருத்தது. சந்தியில் இராணுவ முகாம் வந்தது. வாவிக்கு அந்தப் பக்கம் இயக்கப் பொடியன்களின் ஆட்சி, இந்தப் பக்கம் இராணுவத்தின் ஆட்சி. பாதை என்கிற தெப்பத்தில் ஏறி அக்கரைக்குப் போகிறவர் இரண்டு கரையிலும் பையைத் திறந்து காட்ட வேண்டும். அத்தான் கூட்டுறவுச் சங்கக் கடையில் மனேஜராக இருந்தார். சாமான் ஏற்றப் போய் வந்ததில் கொஞ்சம் சிங்களம் பிடித்திருந்தது.

ஒரு சுற்றிவளைப்பில் விறகு வெட்டப் போன வாய்க்கால் பக்கத்துப் பொடியன்களைப் பிடித்து முகாமுக்குள் கொண்டுபோனார்கள். தாய்மார் வாசலில் போய் வெயிலுக்குள் இருந்தார்கள். அத்தான் கடையைப் பூட்டிவிட்டுப் போய் அவர்களோடு நின்றார். ஒரு அதிகாரி வந்து, நீ யார், கிராம சேவகரா, சாமியாரா, பிரதேச சபை மெம்பரா என்று கேட்டானாம். சங்கக் கடை மனேஜர் என்றாராம் இவர். காவலில் நின்றவன், சீனி வந்துவிட்டதா என்று கேட்டுச் சிரித்தானாம். அதோடு அத்தானை அனுப்பிவிட்டார்கள். பிறகு மற்றப் பொடியன்கள் வந்தார்கள். ஒருத்தியின் மூத்த மகன் மட்டும் வரவில்லை. அவள் என்னிடம் பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சட்டை தைக்க வருகிறவள். அத்தானிடம் எழுத்துப் படித்த முதல் பிள்ளைகளில் அவளுடைய தம்பியும் ஒருவன்.

அந்தச் சிரிப்புத்தான் அத்தானைத் தேர்தலுக்கு இழுத்தது. மெம்பர் என்று சொல்லிக்கொண்டு போனால் வாசலில் நிற்க வைத்துச் சிரிக்கமாட்டார்கள் என்று நினைத்தார். வாய்க்கால் பக்கத்து ஆட்களும் அதையே சொன்னார்கள். சுயேச்சையாக ஒரு குழு சேர்ந்தது. சின்னமாகக் கிடைத்தது தேநீருக்குத் தண்ணீர் கொதிக்கவைக்கிற கேத்தில். ஊர் அதை விடுமா? அத்தானைக் கண்டால், "தண்ணி கொதிச்சிட்டா மனேஜர்?" என்பார்கள். அவரும் சிரித்துக்கொண்டு, "கொதிக்குது, தேயிலைக்குச் சீனியோட வாங்க" என்பார். சங்கக் கடையில் சீனி இல்லாத காலம் அது.

எங்கள் பக்கத்தில் இன்னொரு வேட்பாளரும் இருந்தார். சில வருடங்களுக்கு முன்பு, தேர்தலில் நிற்பவன் துரோகி, வாக்குப் போடுபவனும் துரோகி என்று பள்ளிக்கூடச் சுவரில் எழுதிய இயக்கத்தில் இருந்தவர். இப்போது இயக்கம் மாறி, கட்சியாகி, அதே சுவரில் சுண்ணாம்பு அடித்துத் தன்னுடைய விருப்பு வாக்கு இலக்கத்தை எழுதிவைத்தார். பழைய எழுத்து சுண்ணாம்புக்குள்ளால் மங்கலாகத் தெரிந்தது. அவர் வீடு வீடாக வந்தபோது எல்லோரும் உட்காரக் கதிரை போட்டார்கள், பிளேன்ரீ கொடுத்தார்கள். அவரோடு வந்த பொடியன்களின் தோளில் குண்டு நிரப்பிய துவக்கு இருந்தது. பழைய கதையை ஒருவரும் கேட்கவில்லை.

ஆனால் அத்தான் போன இடமெல்லாம் கோயில் கதையைக் கேட்டார்கள். எனக்கு அதை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது. துவக்குள்ளவனிடம் கேட்க முடியாத கேள்விகளையும் சேர்த்து எங்கள் ஊர் துவக்கில்லாதவனிடம் கேட்டது. அப்போது அதை நான் யாரிடமும் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் என் மெஷினைத் தூக்கி வாவிக்குள் போட்டிருப்பார்கள்.

கோயில் தெருப் பெண் ஒருத்தி அளவெடுக்க நின்றபோது கேட்டாள். "உங்கட அத்தான் இப்பயும் கோயிலுக்கு எதிரோ?"

"காலையில வெள்ளன எழும்புறதுக்குத்தான் எதிர்" என்றேன்.

"பகிடி விடாதகா. அண்டைக்கு அம்மன்ட முன்னால கை நீட்டமாட்டன் எண்ட ஆள், இண்டைக்கு எங்களுக்கு முன்னால வந்து கை நீட்டினா எப்படி?"

"கையத் தூக்கு" என்றேன். "அக்குள் அளவு எடுக்கணும்."

சடங்கு வர இருந்தது, தேர்தல் அதற்குக் கொஞ்சம் பிறகு. ஒரு பின்னேரம் அத்தானின் மாமன் எங்கள் வளவுக்கு வந்தார். அத்தனை வருடத்தில் முதல் முறை. அக்கா திகைத்துப் போய் வட்டாவைத் துடைத்து வெற்றிலை வைத்துக் கொண்டுவந்தாள். எங்களுக்கு வீட்டுக்கு வந்தவருக்கு வெற்றிலை வைக்காமல் பேச்சுத் தொடங்காது. கிழவர் மெலிந்து போயிருந்தார். அத்தானைப் பார்த்ததும் கண் கலங்கியது. அதில் நடிப்பு இல்லை, நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

"மருமகன், எனக்கு இனி ஏலாது" என்றார். "இந்தமுறை காளாஞ்சிய நீ எடு. உனக்குப் பிறகு ஆர் இரிக்கா? நீ எடுத்தாயெண்டா குடி முழுக்க உன்ட பக்கம் நிக்கும். கோயில் தெரு முழுக்கக் கேத்திலுக்குத்தான் போடும். நான் சொல்றன்."

அத்தான் மாமனைப் பாதி வழி கூட்டிக்கொண்டு போய் விட்டுவிட்டு வந்தார். வரும்போதே அவருடைய முகத்தில் முடிவு தெரிந்தது. அக்காவும் கண்டுகொண்டாள். மீன் வெட்டிக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"எடுக்காதீங்க" என்றாள்.

"கிழவன் இவ்வளவு காலத்துக்குப் பிறகு வாசலுக்கு வந்து கேக்கிறார்."

"அவருக்காக எண்டா தேர்தல் முடிய எடுங்க. அடுத்த வருசம் எடுங்க. நான் ஒண்டும் சொல்லமாட்டன்."

அத்தானுக்குக் கோபம் வந்தது. அவருக்குக் கோபம் வருவது குறைவு. "ஒரு தட்டம் வெத்திலைக்காக அந்தப் பொடியன ஆமிக் காம்புக்குள்ள விடச் சொல்றியா? வாய்க்கால் ஆக்கள்ற வாக்கு மட்டும் காணாது. கோயில் தெருவும் போட்டாத்தான் வெல்லலாம். வெத்திலைதானே."

"வெத்திலைதான் எண்டா அண்டைக்கு ஏன் வேணாமெண்டீங்க?"

அவர் எழும்பி வெளியே போய்விட்டார். அக்கா திரும்ப மீனை வெட்டத் தொடங்கினாள். பிறகு தலையை நிமிர்த்தாமலே என்னிடம் சொன்னாள். "அதை மட்டும் எடுத்தாரெண்டா நான் முடிச்ச ஆள் அவர் இல்லடி."

நான் அத்தான் பக்கம்தான் பேசினேன். பொடியன் உள்ளே கிடக்கிறான், இவள் பழைய பெருமையைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருக்கிறாள் என்று பட்டது. வயது போகப் போக மனிதனுக்குக் கொள்கை கொஞ்சம் தளர்வதில் என்ன குற்றம்? என்னுடைய சட்டைகளையே இரண்டு முறை பிரித்துத் தளர்த்தித் தைத்துவிட்டேன் என்று அவளுக்குச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. அன்றைய மீன் குழம்பில் உப்பும் இல்லை.

சடங்கின் கடைசி நாள் வந்தது. அக்கா வந்தாள், பின்னால் நின்றாள். குடியின் பெயரைக் கூப்பிட்டார்கள். கிழவர் ஒரு பக்கமாக நின்று மருமகனின் முதுகில் கை வைத்தார். அத்தான் முன்னே போய் இரண்டு கையையும் நீட்டித் தட்டத்தை வாங்கினார், குனிந்தார், திரும்பினார். அவ்வளவுதான். ஆனால் கோயிலுக்குள் சத்தம் அடங்கிவிட்டது. எல்லோரும் அவருடைய முகத்தைப் பார்த்தார்கள். ஒரு மூலையில் யாரோ மெதுவாகச் சிரித்தார்கள். கிழவர் அழுதுகொண்டிருந்தார்.

நான் வேலிப் பக்கம் பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம். தீவட்டியோடு நின்றவர்கள் அப்படியே நின்றார்கள். அந்தத் தாயும் நின்றாள், இடுப்பில் கடைசிப் பிள்ளை. அவள் அத்தானைப் பார்க்காமல் பிள்ளையின் தலையைக் கோதிக்கொண்டிருந்தாள்.

காளாஞ்சித் தட்டம் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. அது வாங்கியவரின் தாய் வீட்டுக்குத்தான் போகும், அவர்களுடைய குடிக்குள்தான் பங்கிடுவார்கள். அக்கா வேறு குடி. அத்தான் வெறும் கையோடு வந்து, குளித்து, சாப்பிட உட்கார்ந்தார். அக்கா சோறு போட்டாள், கறி போட்டாள், தண்ணீர் வைத்தாள். குறை சொல்ல ஒன்றுமில்லை. அவள் சண்டை பிடித்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அடுத்த நாட்களில் என் விறாந்தை நீதிமன்றமாகிவிட்டது. கோயில் தெருப் பெண்கள் சட்டை எடுக்க வந்து பேசினார்கள். இனி அத்தானைப் புகழ்வார்கள் என்று நான் எதிர்பார்த்தேன். அதுதான் நாங்கள் எல்லோரும் போட்ட கணக்கு. ஒருத்தியும் புகழவில்லை.

"முந்தி அவரப் புடிக்காது எங்களுக்கு" என்றாள், அன்று என்னிடம் அளவு கொடுத்துக்கொண்டே கேட்ட அதே பெண். "எண்டாலும் அவர் இன்ன ஆள் எண்டு தெரியும். வாய்க்கால் ஆக்களுக்காக அம்மனோடயே பகைச்ச ஆள் எண்டு தெரியும். இப்ப அதையும் விட்டுட்டார். எங்களுக்காக விட்டவர் நாளைக்கு இன்னொருத்தருக்காக எங்களையும் விடுவார்தானே?"

அவருடைய பழைய கொள்கையை வெறுத்தவர்களே அதை அவர் கைவிட்டதற்காகவும் வெறுத்தார்கள். கொள்கை அவர்களுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அது அவரிடம் உண்மையாக இருந்தது என்பதை நம்பியிருந்தார்கள். அந்த நம்பிக்கையில் ஒரு மதிப்பும் இருந்திருக்கிறது. எங்களுக்கு அது தெரியாமல் போனது. அத்தான் அதைத்தான் கொண்டுபோய்த் தட்டத்தில் வைத்துவிட்டு வெற்றிலையை எடுத்து வந்தார்.

வாய்க்கால் பக்கத்தில் இருந்து கொஞ்ச நாள் யாரும் வரவில்லை. பிறகு அந்தத் தாய் வந்தாள், கிழிந்த பள்ளிக்கூடச் சட்டையோடு. நான் துணியைப் பார்த்துக்கொண்டே, "கோயில்ல கண்டீங்கதானே?" என்று கேட்டேன்.

"கண்டம்" என்றாள்.

"கோவமா?"

"என்ட மனிசன் அண்டைக்குச் சோறு திங்கல்ல" என்றாள். "ஆனா நாங்க அவருக்குத்தான் போடுவம், புள்ள. காம்பு வாசல்ல வெயிலுக்க எங்களோட நிண்ட ஆள் வேற ஆர்? அவர் வெத்திலை எடுக்கட்டும், பாக்கு எடுக்கட்டும். எனக்கு என்ட மகன் வரணும்."

தேர்தல் நாள் பள்ளிக்கூடத்தில் வரிசை காலையிலேயே நீண்டது. வாசலில் இராணுவம், உள்ளே பொலிஸ். வரிசையில் நின்றவர்கள் அநேகமாக வாய்க்கால் பக்கத்து ஆட்கள். நடக்க ஏலாதவர்களைச் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். தோய்த்து மடித்த சீலை, எண்ணெய் வைத்துச் சீவிய தலை. கோயில் தெருவில் கதவுகள் சாத்திக் கிடந்தன. கிழவர் மட்டும் ஒரு பேரனின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்து போட்டுவிட்டுப் போனார். அவருடைய சொந்தப் பிள்ளைகள் வரவில்லை. நானும் அக்காவும் ஒன்றாகப் போனோம். எனக்குப் பின்னால் அவள் மறைப்புக்குள் போய் வந்தாள். திரும்பி வரும்போது விரலில் இருந்த மையை முந்தானையால் தேய்த்துக்கொண்டே வந்தாள்.

கேத்திலுக்கு ஒரு இடம் கிடைத்தது, அது அத்தானுக்கு. மிகவும் மட்டுமட்டாகத்தான். மற்றவர், சுவரில் சுண்ணாம்பு அடித்தவர், சுலபமாக வந்துவிட்டார். அடுத்த நாள் பின்னேரம் எங்கள் வளவு நிறைந்தது. சீன வெடி கொளுத்த முகாமில் விடவில்லை. பிள்ளைகள் தகரத்தைத் தட்டினார்கள். கிழவர் வந்து மாலை போட்டார். "நான் சொன்னன்தானே மருமகன், காளாஞ்சி வென்று தந்திட்டு" என்றார். அத்தான் சிரித்து, "ஓம் மாமா, உங்களாலதான்" என்றார். மரியாதைக்குச் சொல்லியிருக்கலாம். ஆனால் அக்கா குசினி அடுப்படியில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

எல்லோரும் போன பிறகு அவர் மாலையோடு உள்ளே வந்தார். நான் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். நல்ல சந்தோசத்தில் இருந்தார், பாவம். "எப்படி, நம்மட வளவுல இருந்தே மூண்டு வாக்கு" என்றார்.

"ரெண்டு" என்றாள் அக்கா.

அவருக்கு விளங்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார். எனக்கும் விளங்கவில்லை.

"உங்கட ஒண்டு, தங்கச்சிட ஒண்டு. நான் வெறுங் கடதாசிய மடிச்சுப் போட்டன்."

அவர் மாலையைக் கழற்றி மேசையில் வைத்தார். பிறகு, "அப்ப நாளைக்கு நான் காம்புக்குப் போறதா, வேணாமா?" என்று கேட்டார். கேட்ட விதத்தில் கோபமே இல்லை, அதுதான் எனக்குத் தாங்கமுடியாமல் போனது.

"போங்க" என்றாள். "அதுக்கு என்ட வாக்கு தேவையில்ல. சோறு கட்டித் தாறன்."

சோறு கட்டிக் கொடுத்தாள். அன்றைக்கும், அதற்குப் பிறகு எத்தனையோ நாளும். முகாமில் அத்தானை வாசலில் நிற்கவைக்கவில்லை, கதிரை கொடுத்தார்கள். போய்ப் போய், கேட்டுக் கேட்டு, டவுனுக்கும் கொழும்புக்கும் அலைந்து, கடைசியில் அந்தப் பொடியனைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஒரு கையை மடக்க முடியாமல் வந்தான். ஆனால் வந்தான். நான் அக்காவிடம் போய், இப்போது என்ன சொல்கிறாய் என்று கேட்டேன். உன்னைப்போல எல்லோரும் வெறும் கடதாசியை மடித்துப் போட்டிருந்தால் அந்தப் பிள்ளை எங்கே கிடந்திருப்பான் என்று கேட்டேன். கொஞ்சம் கடுமையாகத்தான் கேட்டேன். முகம் வாடிப்போய், "எனக்குத் தெரியாடி" என்றாள். "அவர் நல்ல காரியம்தான் செஞ்சார். எண்டாலும் எனக்கு மனசு வரல்ல."

சில நாள் கழித்து அந்தத் தாய் மகனையும் கூட்டிக்கொண்டு வந்தாள். கையில் ஒரு பூசணிக்காய். அத்தான் எங்கோ வெளிக்கிட ஆயத்தமாகிக்கொண்டிருந்தார். அவரிடம் பேசிவிட்டு அவள் குசினிக்கு வந்தாள், அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க எல்லாரும் போட்டபடியாத்தானே புள்ள, என்ட மகன் வந்தான்" என்றாள்.

அக்கா ஓம் என்று சொல்லியிருக்கலாம். நானாக இருந்தால் சொல்லியிருப்பேன். அவள் கையை இழுத்துக்கொண்டாள்.

"நான் போடல்லக்கா" என்றாள். "அவர் கோயில்ல அதை எடுத்தபடியா நான் போடல்ல."

எனக்கு அவளைக் கொல்ல வேண்டும்போல் இருந்தது. மகனைக் கண்ட சந்தோசத்தில் வந்த மனுசியிடம் போய் இதைச் சொல்லவேண்டுமா? அந்தத் தாய் பூசணிக்காயைக் கீழே வைத்தாள். அக்காவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எனக்கும் கோவம் இருந்த, புள்ள" என்றாள். "வயிறு எரிஞ்ச. என்ட மனிசனுக்கும் அப்படித்தான். ஆனா புள்ள உள்ளுக்க கிடக்கக்க நாங்க கோவிக்க ஏலுமா? கோவிச்சா ஆர் போய்க் கேக்கிற? எங்களுக்காக ஒருத்தராவது கோவிச்சிருக்கிறீங்க. அதுவும் இந்த வீட்டுக்குள்ள இருந்து."

அக்கா அழுதாள். கோயிலில் அழாதவள், வாக்குச் சாவடியில் அழாதவள், அப்போது அந்த மனுசியின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். அத்தான் சேட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு குசினி வாசலுக்கு வந்தார். என்ன நடந்தது என்று என்னிடம் கண்ணால் கேட்டார். நான் பூசணிக்காயை எடுத்து ஓரமாக வைத்தேன். அவர் உள்ளே வராமல், விறாந்தையில் தனியாக இருந்த அந்தப் பொடியனுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.